பொதுமன்றத்தின் திறவுகோல்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வூரை ஆண்டவர்களைப் பற்றியும், அங்கு எழுந்த ஆலயங்களைப் பற்றியும், நடந்த போர்களைப் பற்றியும் விரிவாக எழுதுவர். மாலை வேளைகளில் மக்கள் கூடிப் பேசிய மன்றம் யாருடைய நிலத்தில் நின்றது, அதன் கதவை அடைக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று கேட்போர் சிலரே. ஆயினும், நம் காலத்தின் மாபெரும் மன்றமாகிய இணையத்தின் வரலாற்றில் இவ்விரண்டுமே தலையாய கேள்விகள். நாளும் பொழுதும் அம்மன்றத்தில் பேசிக்கொண்டிருக்கும் நாம் அது வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

உரிமையாளர் இல்லாத மன்றம்

1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும், கணிப்பொறிகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்துச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை எண்ணினர். அடுத்த ஆண்டே அது ‘யூஸ்நெட்’ என்னும் பெயரில் செயற்படத் தொடங்கியது. ஒருவர் எழுதியது ஒரே இடத்தில் கிடக்காமல், பங்கேற்ற ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிக்கும் படியெடுத்து அனுப்பப்பட்டது. எனவே, அதற்கு ஓர் உரிமையாளர் இல்லை. அதை ஒரே ஆணையால் மூடிவிடக்கூடியவரும் இல்லை.

அம்மன்றத்திற்குக் காவலர் இல்லாவிடினும் வழக்கங்கள் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் புதிய மாணவர்கள் வந்து சேர்வர்; முறைகேடாக எழுதுவர்; பழையவர்கள் கண்டிப்பர்; சில வாரங்களில் அவர்களும் நடைமுறைகளைக் கற்றுக்கொள்வர். 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா ஆன்லைன் என்னும் வணிக நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இம்மன்றத்தின் வாயிலைத் திறந்தபோது, கற்பிக்க வேண்டியவர்களின் தொகை கற்பிப்போரின் ஆற்றலை மீறிற்று. 1993-இல் தொடங்கிய செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழையவர்கள் கசப்போடு கூறினர்.

இதே காலத்தில் மற்றொரு பெருங்கொடை உலகுக்குக் கிடைத்தது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்து உருவாக்கிய உலகளாவிய வலையை, 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிறுவனம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்துப் பொதுவுடைமையாக்கியது. வேலியிட்டுக் கட்டணம் வாங்கியிருக்கக்கூடிய நிலம் அன்று ஊர்ப் பொதுநிலமாயிற்று. நாம் இன்று அனுபவிப்பவற்றுள் பல அந்த ஓர் அறிவிப்பின் கனிகள்.

வாடகை நிலத்தில் எழுந்த வீடுகள்

பொதுநிலம் கிடைத்தாலும் அதில் வீடு கட்டும் திறமை எல்லாருக்கும் இல்லை. 1994-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ‘ஜியோசிட்டீஸ்’ எனப் பெயர் பெற்ற தளம் இக்குறையைப் போக்க முன்வந்தது. அது தன்னைப் பல பேட்டைகளாகப் பிரித்துக்கொண்டது. திரைப்பட ஆர்வலர்க்கு ‘ஹாலிவுட்’, கல்வியும் தத்துவமும் பேசுவோர்க்கு ‘ஏதென்ஸ்’, குடும்பத்தைப் பற்றி எழுதுவோர்க்கு ‘ஹார்ட்லேண்ட்’ என்று தெருக்கள் அமைந்தன. அவற்றில் எளிய மக்கள் இலவசமாகக் குடியேறினர். தம் குழந்தைகளின் படங்களையும், மறைந்த பெற்றோரின் நினைவுகளையும், தம் கவிதைகளையும் அங்கே பதித்தனர்.

1999-இல் யாஹூ நிறுவனம் ஏறத்தாழ 360 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து இத்தளத்தை வாங்கியது. சில வாரங்களில், அங்கு எழுதப்பட்டவற்றின்மீது நிறுவனத்திற்கு மிகப் பரந்த உரிமையை வழங்கும் புதிய விதிகள் வெளிவந்தன. குடியிருந்தோர் வெகுண்டெழுந்தனர்; நிறுவனம் பின்வாங்கியது. அந்த வெற்றி நிலைக்கவில்லை. 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ அந்நகர் முழுவதையும் மூடியது. ஜேசன் ஸ்காட் என்பவரும் அவருடன் இணைந்த தன்னார்வலரும் இறுதி மாதங்களில் இரவுபகலாகப் படியெடுத்ததால் பெரும்பகுதி பிழைத்தது. அப்படிப் பிழைத்ததற்கு நிறுவனத்தின் ஏற்பாடோ சட்டத்தின் ஆணையோ காரணமன்று.

அதன்பின் இக்கதை மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. 2004 சனவரியில் கூகுள் நிறுவனத்தில் பிறந்து, பிரேசில் நாட்டவரும் நம் நாட்டு இளைஞரும் பெரிதும் விரும்பிய ‘ஆர்க்குட்’ 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. நம் நாட்டில் ஒரு தலைமுறை தன் கல்லூரி நட்புகளை முதன்முதலாக இணையத்தில் எழுதிவைத்தது அங்கேதான். 2005-இல் 58 கோடி டாலருக்கு விலைபோன ‘மைஸ்பேஸ்’ 2011-இல் ஏறத்தாழ மூன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. 2015 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் மக்கள் அங்கு ஏற்றிவைத்திருந்த இசைப்பதிவுகள் அழிந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. ட்விட்டர் தளத்தை 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டு சூலையில் அதன் பெயரையே ‘எக்ஸ்’ என மாற்றினார். ஏறத்தாழ 8,000 பணியாளர் இருந்த இடத்தில் 1,500 பேரே எஞ்சியதாக அவரே கூறினார். நாடுகளின் தலைவர்கள் பேசும் மன்றத்தின் விதிகள் தனியொருவர் விருப்பத்தால் ஓரிரு மாதங்களில் மாறின.

இங்கே ஓர் உண்மையை நடுநிலையோடு ஏற்கவேண்டும். இந்நிறுவனங்கள் இல்லாதிருந்தால் கணிப்பொறி நுணுக்கம் அறியாத கோடிக்கணக்கானோர் உலகின் முன் வாய்திறந்திருக்க முடியாது. அவர்கள் பெற்ற பயன் மெய்யானது, இழந்ததும் மெய்யானது. குடியிருந்தோர் வீடு தம்முடையது என நம்பினர், நிலம் பிறருடையதாயிருந்தது.

இரு சட்டங்கள்

மன்றத்தில் ஒருவர் அவதூறு பேசினால் பொறுப்பு யாருடையது? பேசியவருடையதா, இடம் கொடுத்தவருடையதா? அமெரிக்க நீதிமன்றங்கள் இவ்வினாவுக்கு இரு முரணான விடைகளை அளித்தன. தன் தளத்தில் வந்தவற்றைப் பார்வையிடாத கம்ப்யுசெர்வ் நிறுவனம் பொறுப்பாகாது என்றது 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பார்வையிட்டுத் தீயவற்றை நீக்கிவந்த பிராடிஜி நிறுவனமோ, ஒரு பதிப்பாளரைப் போல் பொறுப்பேற்க வேண்டும் என்றது 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வீட்டைக் கூட்டிப் பெருக்கியவருக்குத் தண்டனை, குப்பையாக விட்டவருக்கு விடுதலை என்பதாயிற்று நிலை.

இம்முரணைத் தீர்க்கக் கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்னும் இரு உறுப்பினர்கள் வரைந்ததே புகழ்பெற்ற 230-ஆம் பிரிவு. 1996 பிப்ரவரி 8 அன்று அது சட்டமாயிற்று. பிறர் எழுதியதற்குத் தளத்தார் பதிப்பாளராகக் கருதப்படார்; நல்லெண்ணத்தோடு தீயவற்றை நீக்கினாலும் அதனால் பொறுப்பு வந்து சேராது. இக்காப்பின் நிழலிலேயே பின்னாளைய பெருநிறுவனங்கள் வளர்ந்தன. அதே சட்டத்தில் இணையப் பேச்சை ஒடுக்கும் வேறு சில பகுதிகளும் இருந்தன. அவற்றை 1997 சூன் மாதத்தில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் செல்லாதவை என்றது. 230-ஆம் பிரிவு மட்டும் நிலைத்தது.

நம் நாட்டில் இக்கேள்வி வேறு வழியில் வந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், 2004 டிசம்பரில், பாஸி.காம் என்னும் ஏலத் தளத்தில் யாரோ ஒருவர் ஆபாசக் காட்சிப்பதிவை விற்பனைக்கு வைத்ததற்காக அத்தளத்தின் தலைவர் கைதானார். தொழில் துறையினர் அஞ்சினர். 2008-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டதும் அதே வாரத்தில்தான்.

அத்திருத்தத்தின் இரு கூறுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 79-ஆம் பிரிவு தளத்தாருக்குக் காப்பளித்தது. புதிதாக நுழைந்த 66-ஏ பிரிவோ, பிறருக்கு எரிச்சலூட்டும் அல்லது இடையூறு தரும் செய்தியை அனுப்பியவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. இடம் கொடுத்தவருக்குக் குடை, பேசியவருக்கு விலங்கு. எரிச்சல் என்பது யாருடைய எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்பதற்கு அப்பிரிவில் வரையறை இல்லை.

இதன் கொடுமையை நாடு 2012 நவம்பரில் உணர்ந்தது. சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயின் மறைவை ஒட்டி மும்பை நகர் முடங்கியது குறித்து பால்கர் நகர இளம்பெண் ஒருவர் பேஸ்புக்கில் கேள்வி எழுப்பினார். மற்றொரு பெண் அதற்கு விருப்பம் தெரிவித்தார். இருவரும் கைதாயினர். இச்செய்தி கேட்டுக் கொதித்த ஸ்ரேயா சிங்கால் என்னும் இளம்பெண் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், நரிமன் ஆகியோர் 66-ஏ பிரிவை முழுவதுமாக நீக்கினர். விவாதிப்பது வேறு, ஒரு கொள்கைக்காக வாதாடுவது வேறு, வன்செயலுக்குத் தூண்டுவது வேறு. மூன்றாவதன் எல்லையை எட்டும்போதே அரசு தலையிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆயினும், செத்த சட்டம் உடனே அடங்கவில்லை. நீக்கப்பட்ட பிரிவின்கீழ்க் காவல்நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்து வருவதை அறிந்து 2021-இல் உச்சநீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. எவரையும் அதன்கீழ் விசாரிக்கக்கூடாது என 2022 அக்டோபரில் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. ஏழாண்டுகள் கழித்தும் ஒரு தீர்ப்பு காவல்நிலைய மேசையை எட்டவில்லை என்றால், உரிமை ஏட்டில் இருப்பதும் எளியவர் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பது தெளிவு.

கட்டடமே சட்டமாகும்போது

உரிமையாளரும் அரசும் மட்டுமன்றி மூன்றாவது ஆற்றல் ஒன்றும் மன்றத்தை ஆள்கிறது. அது மன்றத்தின் கட்டமைப்பு. 2006-இல் பேஸ்புக் செய்தியோடையை அறிமுகப்படுத்தியது. 2009-இல் விருப்பப் பொத்தானைச் சேர்த்தது. அதே ஆண்டு ட்விட்டர், பிறர் எழுதியதை ஒரே அழுத்தலில் பரப்பும் பொத்தானைத் தந்தது. முன்பு ஒரு வதந்தியைப் பரப்ப வேண்டுமானால் எழுந்து நடந்து சென்று இன்னொருவரிடம் கூறவேண்டும். அந்நடைக்குள் சிந்திக்கச் சிறிது நேரம் கிட்டும். அந்நேரத்தைப் பொத்தான் பறித்துக்கொண்டது.

அதன் விலையை மனிதர் உயிரால் செலுத்தினர். 2018-ஆம் ஆண்டு, பிள்ளை பிடிப்போர் திரிகின்றனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியாக நம் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதம், குலதெய்வக் கோவிலுக்குச் செல்வதற்காகத் திருவண்ணாமலை மாவட்டம் வந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு ஐயுற்ற கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அன்பின் அடையாளமாக நீட்டிய கை குற்றத்தின் சான்றாகக் கொள்ளப்பட்டது. அவ்வாண்டு சூலையில் மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவர் அவ்வாறே மாண்டனர். அதன்பின்னரே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்றாக்கியபோது, அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே கூறியது. சிறியதொரு தடை இத்துணைப் பயன் தருமாயின், அது முன்னரே ஏன் வரவில்லை என்று இறந்தோர் சார்பில் கேட்பது முறையே.

மியான்மர் நாட்டில் நடந்தது இதனினும் கொடிது. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்நாட்டிலிருந்து வரும் தீய பதிவுகளைப் பார்வையிட, பர்மிய மொழி அறிந்த இருவரே பேஸ்புக்கிற்கு இருந்தனர் எனப் பின்னர் தெரியவந்தது. 2017-இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்திற்கு ஓடிப்பிழைத்தனர். வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படாமல் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என 2018 நவம்பரில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. சிறிய மொழி பேசுவோர் சந்தையாக மட்டும் எண்ணப்பட்டு, காக்கப்பட வேண்டியவராக எண்ணப்படாமல் போனதன் விளைவு அது.

அப்படியாயின் அரசு மன்றத்தையே அடைத்துவிடலாமே எனச் சிலர் கேட்பர். இலங்கை அதையும் செய்து பார்த்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக எழுந்த வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களிலும் விடுதிகளிலும் 250-க்கும் மேற்பட்டோர் குண்டுகளுக்கு இரையானபோதும், அவ்வரசு சமூக ஊடகங்களை முடக்கியது. வதந்தியின் வாயை அடைக்கும் பூட்டு, உறவினரின் நலம் விசாரிப்போரின் வாயையும் சேர்த்தே அடைக்கும். தீயணைக்கக் கிணற்றையும் மூடுவது போன்றது இம்முறை.

திருச்சபை கற்ற பாடம்

பேச்சைக் கட்டுப்படுத்துவது குறித்துத் திருச்சபைக்கு நெடிய பட்டறிவு உண்டு. அதன் இரு பக்கங்களையும் மறைக்காமல் கூறுவது நம் கடமை. 1578-இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழில் அச்சேற்றி, நம் மொழிக்கு அச்சுக்கலையின் வாயிலைத் திறந்தார். அதற்குச் சற்று முன்னர், 1559-இல், உரோமையில் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் வெளிவந்தது. ஒரே தலைமுறையில் திருச்சபை அச்சகத்தைத் திறந்தது. அச்சடித்த நூல்களை அடைத்தும் வைத்தது. அப்பட்டியல் தன் ஆற்றலை இழந்தது 1966-இல்தான்.

இடையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது. அதற்கு எதிராக 164 வாக்குகள் விழுந்தன என்பது, இப்பொருளில் சங்கத் தந்தையரிடையே ஒருமித்த மனம் எளிதில் அமையவில்லை என்பதைக் காட்டும். ‘இணையத்தில் அறநெறி’ என்னும் 2002-ஆம் ஆண்டு ஏடு, அரசு முன்கூட்டியே தணிக்கை செய்வதை விரும்பத்தகாததெனக் கருதியது. அதே வேளையில் வெறுப்பையும் அவதூறையும் பரப்புவது உரிமையாகாது என்றும், இணையத்தை எட்ட இயலாத ஏழைகளை உலகம் மறக்கலாகாது என்றும் வலியுறுத்தியது. 2023 மே மாதம் வெளிவந்த மற்றொரு வத்திக்கான் ஏடு நல்ல சமாரியர் உவமையை இணையவெளிக்குப் பொருத்திக் காட்டுகிறது. வழியில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டும் காணாமல் விலகிச் செல்லும் குருவும் லேவியரும் திரையின் முன்னும் உண்டு.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, நினைவைக் காக்கும் பொறுப்பு. 1998-இல் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் வாழ்கிறது. பல நாடுகளில் உள்ள தன்னார்வலர் தட்டெழுதிய தமிழ் நூல்களை எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம் என அது விட்டுவைத்ததும் அதற்கு ஒரு காரணம். நம் பங்குகளின் வரலாறு, திருவிழாப் படங்கள், மறைந்த அருட்பணியாளரின் மறையுரைகள் ஆகியன இன்று ஒரே நிறுவனத்தின் தளத்தில் மட்டும் கிடக்குமானால், அவற்றை வேறிடத்திலும் படியெடுத்து வைப்பது பங்குப் பேரவைகளின் பணிகளுள் ஒன்றாக வேண்டும்.

இரண்டாவது, சட்டம் யாருக்குக் குடை பிடிக்கிறது என்பதைக் கவனித்தல். எந்தப் பதிவை நீக்குவது என்னும் அதிகாரம் குறித்து அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே வழக்காடல் தொடர்கிறது. அரசின் ‘சஹ்யோக்’ தளத்தின் வழியாக வரும் நீக்க ஆணைகளை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த மனுவைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. இவ்விரு பெரியவர்களின் வழக்கில், யாருடைய சொல் நீக்கப்படுகிறதோ அந்த எளியவருக்குக் காரணம் அறியவும் மறுமொழி கூறவும் இடம் இருக்கிறதா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. ஒடுக்கப்பட்டோரின் குரல் முதலில் அமுக்கப்படுவதே உலக வழக்கம்.

மூன்றாவது, நம் விரல். யாக்கோபின் திருமுகம் நாவை ஒரு சிறு நெருப்புக்கு ஒப்பிட்டு, அது பெருங்காட்டையே எரிக்கவல்லது என எச்சரிக்கிறது. அத்திருமுகம் எழுதப்பட்ட காலத்தில் நெருப்பை மூட்டியவன் அருகிலேயே நின்றான். புகை அவன் கண்ணிலும் பட்டது. இன்று நாம் அனுப்பிய செய்தி எவ்வூரில் யாரைச் சுட்டது என்பது நமக்குத் தெரிவதில்லை. நம் பங்குக் குழுக்களில் பிற சமயத்தாரைப் பற்றியோ, அயல் மாநிலத் தொழிலாளரைப் பற்றியோ வரும் அச்சமூட்டும் செய்தி எதையும், உண்மையென உறுதிப்படுத்தாமல் அனுப்புவதில்லை என்னும் சிறு ஒழுக்கத்தை நாம் ஏற்கலாம். நிறுவனம் வரம்பிடும் வரையிலும், அரசு ஆணையிடும் வரையிலும் காத்திருக்க வேண்டியதில்லை.

மன்றத்தின் உரிமையாளர் இனியும் மாறுவர்; சட்டங்கள் இனியும் திருத்தப்படும்; இன்று நாம் கூடும் தளங்களுள் சில நாளை மூடப்படும். இம்மாற்றங்களைத் தடுக்கும் வலிமை நமக்குக் குறைவு. ஆனால், திருவண்ணாமலையில் மிட்டாய் நீட்டிய மூதாட்டியைக் காத்திருக்கக்கூடிய வலிமை, அச்செய்தியைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கணம் இருந்தது. அத்தகைய கணங்கள் நமக்கும் நாள்தோறும் வருகின்றன.